மேலாளரின் கோபமும் நீங்கள் மறைத்து வைத்த தவறும்

வாசகி ஒருவரின் கடிதம்:

"ஒரு நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் ஏழு ஆண்டுகளாக வேலை பார்க்கிறேன். ஒன்றரை ஆண்டுக்கு முன் புதிய மேலாளர் வந்தார். வேலையில் கெட்டிக்காரர். ஆனால் கோபம் வந்தால் அறையே அதிரும்படி கத்துவார், மேசையில் அறைவார். எல்லோர் முன்னிலையிலும் 'உனக்கெல்லாம் யார் வேலை கொடுத்தது?' என்று கேட்பார். போன மாதம் என்னை நோக்கி ஒரு ஃபைலை வீசினார். அது என் காலடியில் வந்து விழுந்தது. அவர் கத்தும்போது பதில் தெரிந்திருந்தாலும் எனக்கு வாய் வருவதில்லை, கை நடுங்குகிறது. விடுமுறை முடியும் இரவில் தூக்கம் பிடிப்பதில்லை. எங்களுக்குச் சரக்கு தரும் ஒரு நிறுவனத்துக்கு ஒரே பில்லுக்கு இரண்டு முறை பணம் போயிருப்பதைக் கண்டுபிடித்தும், அவரிடம் சொல்லப் பயந்து பத்து நாட்களாக மறைத்து வைத்திருக்கிறேன். நேற்று என் மகன் தண்ணீரைக் கொட்டிவிட்டான். அவர் என்னிடம் சொல்லும் அதே சொற்களை நான் அவனிடம் சொல்லிவிட்டேன். 'மேலதிகாரிகள் எல்லோரும் அப்படித்தான், பொறுத்துப் போ' என்கிறார் கணவர். 'ஒரு நாள் நீயும் பதிலுக்குக் கத்து, அடங்கிவிடுவார்' என்கிறாள் தோழி. எனக்குத்தான் தைரியம் போதவில்லையா? வேலையை விடுவதென்றால், ராஜினாமாக் கடிதத்தில் இவர்தான் காரணம் என்று எழுதலாமா?"

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தில் அதிக இடத்தைப் பிடித்திருப்பது அவருடைய கோபம். நான் திரும்பத் திரும்பப் படித்தது, நடுவே ஒரே வாக்கியத்தில் நீங்கள் கடந்துபோன அந்த இரட்டைப் பணத்தைப் பற்றி. ஏழு ஆண்டுகள் கணக்குப் பார்த்தவர் நீங்கள். யாரும் கவனிக்காத தவறைக் கண்டுபிடிக்கும் திறமை உங்களிடம் இருக்கிறது, அதை உடனே சொல்லியாக வேண்டும் என்பதும் தெரியும். இருந்தும் பத்து நாட்களாக வாய் திறக்கவில்லை. அந்த மனிதரின் கோபம் உங்களிடமிருந்து எதைப் பறித்திருக்கிறது என்பதை அவர் வீசிய ஃபைலைவிட இந்தப் பத்து நாள் மௌனம் தெளிவாகக் காட்டுகிறது. அதனால் இதிலிருந்தே தொடங்குகிறேன்.

முதலில், தைரியம் போதவில்லையா என்ற உங்கள் கேள்வி. இல்லை, இது தைரியக் குறைவு அல்ல. நம்மைவிட அதிகாரம் உள்ள ஒருவர் திடீரென்று குரலை உயர்த்தி நெருங்கி வரும்போது, அதை ஆபத்து என்று உடல் முடிவு செய்துவிடுகிறது. அட்ரீனலின் சுரக்கிறது, இதயம் வேகமாக அடிக்கிறது, தசைகள் இறுகுகின்றன. ஓடவோ எதிர்க்கவோ உடல் தயாராகிறது. இரண்டுக்கும் வழியில்லாத அலுவலக அறையில் மூன்றாவது விஷயம் நடக்கிறது: அப்படியே உறைந்து நிற்பது. நிதானமாக யோசித்துச் சொற்களைக் கோத்துப் பேச உதவும் மூளைப் பகுதி, அதாவது நெற்றிக்குப் பின்னால் இருக்கும் முன்பகுதி, கடும் அழுத்தத்தின்போது சரியாக வேலை செய்வதில்லை. தெரிந்த பதில் நாக்கு நுனி வரை வந்து நின்றுபோவதும், அறையை விட்டு வெளியே வந்ததும் எல்லாம் நினைவுக்கு வருவதும் இதனால்தான். நீதிமன்றத்தில் மணிக்கணக்கில் வாதாடக்கூடிய வழக்கறிஞருக்கும், அறுவை சிகிச்சை செய்யும் மருத்துவருக்கும் இதே நிலை வருவதைப் பார்த்திருக்கிறேன். உங்கள் கை நடுங்குவதை வைத்து உங்கள் குணத்துக்கு மதிப்பெண் போடாதீர்கள்.

இப்படி உறைந்து போவதால் கெடுவது மனநிலை மட்டுமல்ல, வேலையும் கெடுகிறது. 2015இல் வெளியான ஓர் ஆய்வு இதை நன்றாகக் காட்டியது. இஸ்ரேலில், பச்சிளங்குழந்தைகளுக்கான தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் வேலை செய்யும் மருத்துவர்களும் செவிலியர்களும் அடங்கிய 24 குழுக்களை ஒரு பயிற்சிக்கு அழைத்தார்கள். குறைமாதத்தில் பிறந்த குழந்தை ஒன்றின் உடல்நிலை திடீரென்று மோசமாவதுபோல ஒரு சூழ்நிலையை அமைத்து, அதைக் கையாளச் சொன்னார்கள். ஒரு பகுதிக் குழுக்களிடம் மட்டும், வெளிநாட்டிலிருந்து வந்த நிபுணர் என்று அறிமுகம் செய்யப்பட்டவர் கொஞ்சம் மட்டம் தட்டிப் பேசினார். கத்தவில்லை, மேசையில் அறையவில்லை, எதையும் வீசவில்லை. அந்தச் சில சொற்களே போதுமானதாக இருந்தன. அந்தக் குழுக்கள் நோயைக் கண்டறிவதிலும் சிகிச்சை செய்வதிலும் மற்றவர்களைவிடப் பின்தங்கின. தங்களுக்குள் தகவலைப் பகிர்ந்துகொள்வதும் ஒருவரிடம் ஒருவர் உதவி கேட்பதும் குறைந்துபோயிருந்தன. தொழிலில் தேர்ந்தவர்களுக்கு, அறிமுகமில்லாத ஒருவரின் லேசான அவமதிப்பே இதைச் செய்கிறது என்றால், ஒன்றரை ஆண்டாக நாள் தவறாமல் கத்தலைக் கேட்கும் உங்கள் நிலையை நினைத்துப் பாருங்கள். 'இப்போதெல்லாம் எனக்குத் தவறு அதிகம் வருகிறது, அதனால்தான் அவர் கத்துகிறார்' என்று பலர் என்னிடம் சொல்வார்கள். எது முதலில் வந்தது என்று தேதிகளைத் தேடிப் பார்க்கச் சொல்வேன்.

தவறை மறைப்பதைப் பற்றியும் நமக்கு நன்றாகத் தெரிந்த ஒரு விஷயம் உண்டு. ஏமி எட்மண்ட்சன் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1990களில், மருந்து கொடுப்பதில் நேரும் தவறுகளைப் பற்றி மருத்துவமனைப் பிரிவுகளில் ஆராய்ந்தார். நல்ல தலைமையும் ஒத்துழைப்பும் உள்ள பிரிவுகளில் தவறு குறைவாக இருக்கும் என்று எதிர்பார்த்தார். கணக்குகள் தலைகீழாக இருந்தன, அந்தப் பிரிவுகளில்தான் அதிகத் தவறுகள் பதிவாகியிருந்தன. அவர் பிறகு கண்டது இதுதான்: அங்கே அதிகம் தவறு நடக்கவில்லை, நடந்த தவறைச் சொல்ல அங்கே யாரும் அஞ்சவில்லை. அச்சம் இருக்கும் பிரிவுகளில் தவறுகள் நிகழ்ந்துகொண்டே இருந்தன, வெளியே தெரியவில்லை, அவ்வளவுதான். உங்கள் மேலாளரின் பிரிவிலும் உங்களைப்போல இன்னும் எத்தனை பேர் எதை எதை மேசை இழுப்பறைக்குள் வைத்திருக்கிறார்களோ.

இருந்தாலும், அந்த இரட்டைப் பணத்தை நாளைக்கே சொல்லிவிடுங்கள். இதில் நான் கண்டிப்பாக இருக்கிறேன். உங்களைக் குற்றம் சாட்டுவதற்காக இல்லை. இப்போது இது ஒரு சாதாரணக் கணக்குத் தவறு. தணிக்கையிலோ, வேறொருவர் கண்ணிலோ பட்ட பிறகு இது 'தெரிந்தே மறைத்தார்' என்ற குற்றச்சாட்டாக மாறும். அதன் பிறகு நீங்கள் அவருடைய நடத்தையைப் பற்றி எங்கே புகார் கொடுத்தாலும், முதலில் இதைத்தான் எடுத்து உங்கள் முன் வைப்பார்கள். நீங்கள் நிமிர்ந்து நிற்கத் தேவையான தரையை நீங்களே இழந்துவிடக் கூடாது.

எப்படிச் சொல்வது? வெறுங்கையோடு போகாதீர்கள். இரண்டு முறை பணம் போன தேதிகள், தொகை, பில் எண், வங்கிக் கணக்கு அறிக்கை எல்லாவற்றையும் ஒரே தாளில் எடுத்து வையுங்கள். அந்த நிறுவனத்திடமிருந்து அவர்களுடைய கணக்கு அறிக்கையைக் கேட்டு வாங்குங்கள். பணத்தைத் திருப்பித் தருவார்களா, கிரெடிட் நோட் கொடுத்து அடுத்த பில்லில் கழித்துக்கொள்வார்களா என்று விசாரிப்பது உங்கள் அதிகாரத்துக்குள் வருமானால் அதையும் செய்துவிடுங்கள். பிறகு முதலில் மின்னஞ்சல் அனுப்புங்கள், அதன் பிறகு நேரில் பாருங்கள். மின்னஞ்சலில் நான்கு விஷயங்கள் போதும்: என்ன நடந்தது, எவ்வளவு தொகை, இதுவரை நீங்கள் என்ன செய்திருக்கிறீர்கள், அவரிடமிருந்து என்ன அனுமதி வேண்டும். கண்டுபிடித்த தேதியை மாற்றி எழுத வேண்டாம். 'இந்தத் தேதியில் கவனித்தேன், உடனே தெரிவித்திருக்க வேண்டும், தாமதமாகத் தெரிவிக்கிறேன்' என்று ஒரு வரி போதும். நீளமான மன்னிப்பு வேண்டாம். கோபக்காரரிடம் நீண்ட மன்னிப்பு கேட்டால், அவர் கத்துவதற்கு நாமே கூடுதல் நேரம் ஒதுக்கிக் கொடுத்ததாகிவிடும்.

அவர் கத்துவார். அநேகமாக நிச்சயம். அந்த நிமிடங்களை எப்படிக் கடப்பது என்று இப்போது பார்ப்போம்.

கத்துபவரின் பேச்சில் இரண்டு கலந்திருக்கும். ஒன்று உங்களைப் பற்றியது: 'உனக்கெல்லாம் யார் வேலை கொடுத்தது?' இன்னொன்று வேலையைப் பற்றியது: 'இந்த மாதக் கணக்கை எப்படி முடிப்பது?' முதலாவதற்குப் பதில் சொல்லாதீர்கள். அது கேள்வியே அல்ல. அதற்கு விளக்கம் சொல்லத் தொடங்கிய நொடியில், உங்கள் தகுதி விவாதத்துக்கு உரியது என்று நீங்களே ஒப்புக்கொண்டதாகிவிடும். இரண்டாவதற்கு மட்டும், வழக்கமான குரலில், சுருக்கமாகப் பதில் சொல்லுங்கள். "இந்த மாதக் கணக்கு பாதிக்கப்படாது சார். நாளை நான்கு மணிக்குள் திருத்தி அனுப்புகிறேன்." அவ்வளவுதான். அவர் மறுபடியும் முதலாவதற்குப் போனால், நீங்கள் மறுபடியும் இரண்டாவதற்கே வாருங்கள். இந்த ஒன்றிரண்டு வாக்கியங்களை வீட்டில் வாய்விட்டுப் பத்துப் பன்னிரண்டு முறை சொல்லிப் பாருங்கள். பதற்றத்தில் புதிய வாக்கியம் அமைக்க மூளை திணறும், பழகிய வாக்கியத்தை அது எளிதாக எடுத்துக் கொடுக்கும். அப்போதும் வாய் வரவில்லையென்றால், கையில் ஒரு குறிப்பேட்டோடு போய் அவர் சொல்வதில் வேலை தொடர்பானதை மட்டும் எழுதுங்கள். எழுதும்போது கண்ணுக்கும் கைக்கும் ஒரு வேலை கிடைக்கிறது, நேருக்கு நேர் பார்க்க வேண்டிய கட்டாயமும் குறைகிறது. கத்திக்கொண்டிருக்கும் சிலர், தாங்கள் சொல்வது எழுதப்படுவதைக் கவனித்தவுடன் சொற்களைப் பொறுக்கிப் பேசத் தொடங்கிவிடுவார்கள்.

மூச்சைப் பற்றியும் ஒரு வார்த்தை. பெருமூச்சாக இழுத்து இழுத்து விடுவது பதற்றத்தைக் கூட்டும். இழுப்பதைவிட விடுவதை நீளமாக்குங்கள், இதயத் துடிப்பு மெல்ல இறங்கும். பாதங்கள் இரண்டும் தரையில் படிந்திருக்கின்றனவா என்று கவனியுங்கள். இது மந்திரம் இல்லை, பயத்தைப் போக்கிவிடாது. ஒரு வாக்கியம் பேசும் அளவுக்கு இடம் கிடைக்கும்.

'அவர் கோபக்காரர், ஆனால் மனதில் ஒன்றும் வைத்துக்கொள்ள மாட்டார். கத்தி முடித்தால் சரியாகிவிடும்' என்று உங்கள் அலுவலகத்தில் யாராவது சொல்லியிருப்பார்கள். ஒவ்வோர் அலுவலகத்திலும் சொல்கிறார்கள். இந்தப் பேச்சு எனக்கு உண்மையாகவே வருத்தம் தருகிறது. கத்தியவர் மறந்துவிடுகிறார், கேட்டவருக்கு விடுமுறை இரவின் தூக்கம் போகிறது. யாருடைய மனதில் என்ன தங்கியிருக்கிறது என்பதைக் கத்தியவரின் பக்கமிருந்து மட்டும் கணக்கிடுவது எந்த நியாயம்? கோபத்தைக் கொட்டித் தீர்த்தால் அது குறையும் என்ற நம்பிக்கையும் சரியல்ல. பிராட் புஷ்மன் என்ற உளவியலாளர் 2002இல் வெளியிட்ட ஆய்வில், தங்களைச் சீண்டியவரை நினைத்துக்கொண்டு குத்துச்சண்டைப் பையைக் குத்தியவர்களுக்குக் கோபம் கூடியதே தவிரக் குறையவில்லை. ஒன்றும் செய்யாமல் சும்மா உட்கார்ந்திருந்தவர்கள்கூட அவர்களைவிட அமைதியாக இருந்தார்கள். கத்திப் பழகுபவர் கத்துவதில்தான் தேர்ச்சி பெறுகிறார்.

அவரால் தன்னைக் கட்டுப்படுத்தவே முடியவில்லையா என்று தெரிந்துகொள்ள ஓர் எளிய வழி உண்டு. அவருக்கு மேலே இருப்பவரின் அறையில் அவர் எப்படி இருக்கிறார் என்று பாருங்கள். முக்கியமான வாடிக்கையாளர் எரிச்சலூட்டும்போது மேசையில் அறைகிறாரா? அங்கே குரல் உயரவில்லை என்றால், கட்டுப்படுத்தத் தெரிந்தவர்தான், உங்களிடம் கட்டுப்படுத்தத் தேவையில்லை என்று நினைக்கிறார். இதை நான் சொல்வது அவர்மேல் உங்களுக்கு வெறுப்பு வரவேண்டும் என்பதற்காக அல்ல. 'என்னால்தான் அவருக்குக் கோபம் வருகிறது' என்ற சுமையை நீங்கள் இறக்கி வைக்க வேண்டும் என்பதற்காக.

இன்னொன்றையும் கவனியுங்கள். சிலருடைய கோபம் வேலையைத் துரத்தும். வேலை முடிந்ததும் அடங்கும், யார் அந்த இடத்தில் இருந்தாலும் அதே சத்தம்தான். சிலருடைய கோபம் ஓர் ஆளைத் துரத்தும். நீங்கள் சரியாகச் செய்தாலும் வேறு குறை கண்டுபிடிக்கும், உங்களுக்கு வர வேண்டிய தகவலை நிறுத்தும், உங்கள் பெயரைக் கூட்டங்களில் கேலியாக எடுக்கும். முதல் வகையாக இருந்தால் நேரில் பேசிப் பார்ப்பதில் பயன் இருக்கலாம். இரண்டாவது வகையினரிடம் தனியாகப் போய் மனம் திறந்தால், எங்கே வலிக்கிறது என்று நாமே காட்டிக்கொடுத்ததாகிவிடும். உங்கள் கடிதத்தை வைத்துப் பார்த்தால் இவர் முதல் வகையாகத்தான் தெரிகிறார், ஆனால் அருகிலிருந்து பார்ப்பவர் நீங்கள். உங்கள் கணிப்பையே நம்புங்கள்.

பேசுவது என்று முடிவு செய்தால், கத்திய அன்றே பேசாதீர்கள். ஓரிரு நாள் கழித்து, அவருக்கு வேலை நெருக்கடி இல்லாத நேரமாகப் பார்த்து, பதினைந்து நிமிடம் வேண்டும் என்று முன்கூட்டியே கேட்டுப் பேசுங்கள். ஒன்றரை ஆண்டுக் கதையையும் எடுக்க வேண்டாம். ஒரே ஒரு சம்பவம், ஒரே ஒரு வேண்டுகோள். 'நீங்கள் எப்போதுமே இப்படித்தான்' என்று தொடங்கினால் அவர் 'எப்போதுமா?' என்று எதிர்வாதத்துக்குப் போய்விடுவார். இப்படிச் சொல்லிப் பாருங்கள்: "சார், செவ்வாய்க்கிழமை கூட்டத்தில் எல்லோர் முன்னிலையிலும் என் தகுதியைப் பற்றிச் சொன்னீர்கள். அதன் பிறகு அன்று முழுவதும் என்னால் வேலையில் கவனம் செலுத்த முடியவில்லை. நான் தவறு செய்தால் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லுங்கள். திருத்திக்கொள்வேன்." சொல்லிவிட்டு நிறுத்துங்கள். அந்த மௌனத்தை நிரப்ப நீங்கள் அவசரப்பட்டால், 'அதெல்லாம் பரவாயில்லை சார்' என்று சொன்னதை நீங்களே திரும்ப வாங்கிக்கொண்டு வந்துவிடுவீர்கள். அவர் மன்னிப்பு கேட்கமாட்டார் என்று வைத்துக்கொண்டே போங்கள். அடுத்த முறை குரல் உயரும் முன் ஒரு நொடி தயங்கினால், பேசியதற்குப் பலன் கிடைத்துவிட்டது.

தோழி சொல்வதுபோல் பதிலுக்குக் கத்தலாமா? வேண்டாம். கத்தினால் அடங்கிப்போகும் மேலாளர்களும் இருக்கிறார்கள், மறுப்பதற்கில்லை. ஆனால் மறுநாள் அலுவலகத்தில் பேசப்படுவது நீங்கள் கத்தியது மட்டும்தான். அவருடைய ஒன்றரை ஆண்டு அதில் கரைந்துவிடும்.

கணவர் சொல்லும் பொறுமையிலும் எனக்கு உடன்பாடு இல்லை. அக்கறையோடுதான் சொல்கிறார், வேலை போய்விடுமோ என்ற கவலை அவருக்கும் இருக்கும். ஆனால் எல்லா மேலதிகாரிகளும் இப்படி இல்லை. கண்டிப்பானவர்கள் இருக்கிறார்கள், எளிதில் திருப்தி அடையாதவர்கள் இருக்கிறார்கள், முகம் கொடுத்துப் பேசாதவர்கள் இருக்கிறார்கள். இவர்களில் யாரும் ஆள்மேல் ஃபைலை வீசுவதில்லை.

அந்த ஃபைலைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். நீங்கள் அதைக் கத்தலோடும் மேசையில் அறைவதோடும் ஒரே மூச்சில் எழுதிவிட்டீர்கள். அது வேறு. பொருளை ஆளை நோக்கி வீசுவது, வழியை மறித்து நிற்பது, 'உன்னை என்ன செய்கிறேன் பார்' என்று மிரட்டுவது, உடலைத் தொடுவது, பாலியல் தொனியில் பேசுவது, இவற்றில் எதற்கும் நான் மேலே சொன்ன பேச்சுவார்த்தையெல்லாம் பொருந்தாது. அது இன்னொரு முறை நடந்தால் அந்த இடத்தில் நிற்காதீர்கள். "பிறகு வருகிறேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு, ஆட்கள் இருக்கும் இடத்துக்கு வந்துவிடுங்கள். அனுமதிக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. அன்றைக்கே எழுத்துமூலம் புகார் கொடுங்கள். போன மாதம் நடந்ததும் காலாவதியாகிவிடவில்லை, அதையும் அந்தப் புகாரில் சேர்க்கலாம்.

உலகத் தொழிலாளர் அமைப்பான ஐ.எல்.ஓ., வேலையிடத்தில் வன்முறையும் துன்புறுத்தலும் இல்லாமல் இருப்பதைத் தொழிலாளரின் உரிமையாக 2019இல் தன் 190ஆம் உடன்படிக்கையில் வகுத்தது. 2021 ஜூன் 25 முதல் அது நடைமுறையில் இருக்கிறது. உடலை மட்டுமல்ல, மனதைப் பாதிக்கும் நடத்தையையும் அது துன்புறுத்தலாகவே கருதுகிறது. எல்லா நாடுகளும் அதை ஏற்றுக்கொண்டுவிடவில்லை, ஒவ்வொரு நாட்டின் சட்டமும் வேறு. ஆனால் 'இதெல்லாம் ஒரு புகாரா?' என்று யாராவது உங்களிடம் கேட்டால், உலக அளவில் அரசுகளும் முதலாளிகளும் தொழிலாளர்களும் ஒன்றாக உட்கார்ந்து ஆம் என்று சொல்லியிருக்கிறார்கள் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கட்டும்.

புகாருக்குப் போவதற்கு முன் குறிப்பு எழுதும் பழக்கம் வேண்டும். இன்று இரவே தொடங்கலாம். தேதி, நேரம், இடம், அவர் சொன்ன சொற்கள் சொன்னபடியே, அங்கே இருந்தவர்கள், அதற்கு முன் நடந்த வேலை விஷயம். 'கேவலமாக நடந்துகொண்டார்' என்று எழுதினால் அதற்கு மதிப்பில்லை. '11ஆம் தேதி காலை பத்தரை மணிக்கு, கூட்ட அறையில், மூன்று பேர் முன்னிலையில் இந்த வாக்கியத்தைச் சொன்னார்' என்பதற்கு மதிப்பு உண்டு. இதை அலுவலகக் கணினியில் வைக்காதீர்கள், உங்கள் சொந்தக் குறிப்பேட்டில் எழுதுங்கள். அதேசமயம், ஆதாரம் சேர்ப்பதாக நினைத்து நிறுவனத்தின் ரகசிய ஆவணங்களை வீட்டுக்கு எடுத்துவரவும் வேண்டாம். அதுவே உங்களுக்கு எதிராகத் திரும்பும். ரகசியமாக ஒலிப்பதிவு செய்யலாமா என்று பலர் கேட்கிறார்கள். சில இடங்களில் அது சட்டப்படி குற்றம், சட்டம் அனுமதிக்கும் இடத்திலும் நிறுவன விதி தடுக்கலாம். வழக்கறிஞரைக் கேட்காமல் அதில் இறங்காதீர்கள். வாய்மொழியாகக் கத்திக் கொடுக்கும் உத்தரவுகளை, 'இன்று நீங்கள் சொன்னதை இப்படிப் புரிந்துகொண்டேன், இதன்படி செய்கிறேன்' என்று சுருக்கமான மின்னஞ்சலாக அவருக்கே அனுப்பிவிடுங்கள். 'நான் அப்படிச் சொல்லவே இல்லை' என்று பிறகு அவர் சொல்ல முடியாது.

மனிதவளத் துறையிடம் போகும்போது ஒன்றை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அவர்களில் நல்லவர்கள் இருப்பார்கள், ஆனால் அவர்கள் சம்பளம் வாங்குவது நிறுவனத்திடம். உங்கள் கண்ணீரைவிட, பிரிவின் வேலை எப்படிக் கெடுகிறது என்பது அவர்களைச் சீக்கிரம் அசைக்கும். தவறுகள் மேலே வராமல் போகின்றன, ஆட்கள் விலகிப் போகிறார்கள் என்பதைச் சம்பவங்களோடு சொல்லுங்கள். அடுத்து என்ன செய்வார்கள், எந்தத் தேதிக்குள் செய்வார்கள் என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள். உங்களோடு சேர்ந்து பேச இன்னும் ஒருவர் முன்வந்தால்கூட நிலைமை வெகுவாக மாறும். தொழிற்சங்கம் இருந்தால் அங்கேயும் சொல்லுங்கள்.

இனி உங்கள் மகன். கடிதத்தில் அந்த வரியை எழுத உங்களுக்கு எவ்வளவு கஷ்டமாக இருந்திருக்கும் என்று தெரிகிறது. மேலே இருப்பவரிடம் வாங்கியதைக் கீழே இருப்பவரிடம் இறக்கி வைப்பது மனிதரிடம் அடிக்கடி நடப்பதுதான், ஆனால் அதை அன்றே கவனித்து வருந்துபவர்கள் குறைவு. அவனிடம் உட்கார்ந்து பேசுங்கள். "நான் அப்படிச் சொன்னது தப்பு. தண்ணீர் கொட்டுவது பெரிய விஷயமே இல்லை. அம்மாவுக்கு வேலை இடத்தில் கஷ்டம், அதற்கு நீ காரணம் இல்லை" என்று சொல்லுங்கள். விளக்கம் இதற்கு மேல் வேண்டாம். அலுவலகம் முடிந்து வீட்டுக்குள் நுழையும் முன், கால் மணி நேரம் தனியாக நடந்துவிட்டு வர முடிந்தால் அதைப் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள். குழந்தை பள்ளியில் நடந்ததைச் சொல்ல ஓடிவரும் நேரத்துக்கும் மேலாளரின் குரலுக்கும் நடுவில் ஓர் இடைவெளி வேண்டும்.

தூக்கமின்மை சில வாரங்களுக்கு மேல் நீடித்தால், நெஞ்சு படபடப்போ வலியோ வந்தால், காலையில் எழவே மனமில்லை என்று தோன்றினால், மருத்துவரைப் பாருங்கள். உயிர் வாழ்வதில் அர்த்தமில்லை என்ற எண்ணம் ஒரு முறை வந்து போனால்கூட அன்றே வீட்டில் ஒருவரிடம் சொல்லுங்கள், மருத்துவரிடமும் போங்கள். அப்போது புகாரும் பேச்சுவார்த்தையும் இரண்டாம்பட்சம்.

வேலையை விடுவதைப் பற்றி. அது தோல்வி அல்ல என்று மட்டும் சொல்லி முடிக்க எனக்கு மனமில்லை, ஏனென்றால் அதன் விலையைக் கொடுக்கப்போவது நீங்கள். கத்தல் கேட்ட நாளில் ராஜினாமாக் கடிதம் எழுதாதீர்கள். காலண்டரில் மூன்று மாதம் தள்ளி ஒரு தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள். அதுவரை மேலே சொன்னவற்றைச் செய்துகொண்டே, அமைதியாக வேறு வேலை தேடுங்கள். வேலை இல்லாமல் வீடு எத்தனை மாதம் தாங்கும் என்று கணவரோடு உட்கார்ந்து கணக்குப் பாருங்கள், அது உங்கள் தொழில். நோட்டீஸ் காலம் எவ்வளவு, வர வேண்டிய பாக்கிகள் என்னென்ன, உங்களுக்காகப் பரிந்துரை சொல்லக்கூடிய பழைய மேலாளர் யார் என்று விசாரித்து வையுங்கள். வெளியே போகும் கதவு எங்கே இருக்கிறது என்று தெரிந்த பிறகு, அதே அறையில் அதே கத்தலைக் கேட்கும்போது பயம் குறைந்திருப்பதைப் பலர் என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். அந்தத் தேதி வரும்போது எதுவும் மாறவில்லை என்றால் கிளம்புங்கள். ஃபைல் மறுபடியும் பறந்தாலோ, மருத்துவர் சொன்னாலோ, தேதிக்குக் காத்திருக்க வேண்டாம்.

கடைசியாக, ராஜினாமாக் கடிதத்தில் அவர்தான் காரணம் என்று எழுதலாமா என்று கேட்டிருந்தீர்கள். கையெழுத்துப் போடுவதற்கு முன் தொழிலாளர் சட்டம் தெரிந்த ஒரு வழக்கறிஞரிடம் ஒரு மணி நேரம் செலவிடுங்கள். தாங்க முடியாத நடத்தையால் விலக நேர்ந்தவரை, வேலையிலிருந்து நீக்கப்பட்டவராகவே கருதும் சட்டம் சில நாடுகளில் இருக்கிறது. அங்கே 'சொந்தக் காரணங்களுக்காக' என்று நீங்கள் எழுதும் இரண்டு சொற்கள் பிறகு உங்கள் வழக்கையே பலவீனமாக்கும். அப்படிப்பட்ட சட்டம் இல்லாத இடத்தில், முன்பே புகார் கொடுத்திருந்தால், 'இந்தத் தேதியில் நான் அளித்த புகாரில் கூறியுள்ள காரணங்களால்' என்று ஒரு வரி எழுதினால் போதும். அவருடைய பெயரோ, நீங்கள் பட்டதன் விவரமோ அதில் வேண்டியதில்லை, அவை புகாரில் இருக்கும். புகாரே கொடுக்கவில்லை என்றால் முதலில் புகாரை எழுதுங்கள், பிறகு ராஜினாமாவை. கொடுத்ததற்கு அத்தாட்சியாக இரண்டின் நகலிலும் பெற்றுக்கொண்டவரின் கையொப்பமும் தேதியும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.